இரண்டு கதவு கார், இரண்டு மாநிலக் காகிதம்

கர்நாடக–தமிழ்நாடு எல்லையில், அத்திபெலேயில், சிறிது நேரம் நின்றால், கேஏ 51 பலகையும் டிஎன் 70 பலகையும் மாறி மாறிக் கடப்பதைப் பார்க்கலாம். ஓசூரில் வீடு, பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்று வாழ்பவர்களுக்கு இது அன்றாட வழி. செகண்ட் ஹேண்ட் காரும் இதே வழியில்தான் கைமாறுகிறது. அதில் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கூப்பே தனி ரகம். 2015-ல் சுமார் 60 லட்சத்துக்கு விற்ற ஆடி டிடி, இன்று ஒரு புது நடுத்தரக் காரின் விலைக்குக் கிடைத்தால் யாருக்கும் சபலம் தட்டும். அந்த விலையைத் தாங்க முடிகிறவருக்கு அதன் காகிதங்களையும் தாங்க முடியுமா என்பதே கேள்வி.

2020 டிசம்பரில் மும்பை போலீஸ் ஒரு டிசி அவந்தி காரைப் பிடித்தது. இந்தியாவின் சொந்த ஸ்போர்ட்ஸ் கார் என்று 2012 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டப்பட்ட மாடல் அது. பிடிபட்ட கார் தமிழ்நாட்டில் பதிவானது. அதே என்ஜின், சேசிஸ் எண்களில் ஹரியானாவிலும் ஒரு பதிவு இருப்பதாகவும், ஒரே கார் மீது பல கடன்கள் வாங்கப்பட்டதாகவும் போலீஸ் குற்றம் சாட்டி, அதைத் தயாரித்த டிசி நிறுவனத்தின் நிறுவனரைக் கைது செய்தது. குற்றச்சாட்டு தீர்ப்பாகாது. ஆனால் ஆர்சி புக்கைக் கையில் வாங்கிவிட்டாலே எல்லாம் சரி என்று நினைப்பவருக்கு இந்த வழக்கு ஒரு பாடம்.

முதலில் சேசிஸ் எண்

என்ஜினை உறுமவிட்டுக் கேட்பதற்கு முன் சேசிஸ் எண்ணைப் பாருங்கள். இரும்பில் குத்தப்பட்ட எண்ணின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அச்சு அப்படியே விழும். ஆர்டிஓ அலுவலகங்களில் காலங்காலமாகச் செய்வது இதுதான். அந்த அச்சை ஆர்சி, இன்சூரன்ஸ், அரசின் பரிவாகன் தளத்தில் உள்ள விவரம் மூன்றோடும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி மட்டும் புது பெயிண்ட், வெல்டிங் தடம், வரிசை தப்பிய எழுத்து தெரிந்தால் பேரத்தை அங்கேயே நிறுத்துங்கள். திருட்டு வண்டியா என்று அறிய, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் தேடலாம்.

ஆர்சியில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் பதிவில் இருக்கிறது என்று பொருள். "லோன் முடிஞ்சிடுச்சு சார், லெட்டர் வரும்" என்ற பேச்சுக்குப் பணம் கொடுக்காதீர்கள். வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வந்து, ஆர்சியில் ஹைப்போதிகேஷன் எனும் கடன் குறிப்பு நீங்கிய பிறகே பெரும்பகுதிப் பணம். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான வண்டி என்றால், சுங்கத் துறையின் இறக்குமதி ஆவணமும் வரி கட்டிய ரசீதும் இல்லாமல் தொடவே வேண்டாம்.

எல்லை தாண்டினால் வரி

2025 பிப்ரவரியில் கர்நாடகப் போக்குவரத்துத் துறை, வெளிமாநிலப் பதிவில் வரி கட்டாமல் பெங்களூருவில் ஓடிய 30 சொகுசு கார்களைப் பறிமுதல் செய்தது. ஃபெராரி, போர்ஷே, ஆஸ்டன் மார்ட்டின் எல்லாம் அதில் அடக்கம். அதே ஆண்டு ஜூலையில் மகாராஷ்டிரப் பதிவு கொண்ட ஒரு ஃபெராரிக்கு 1.41 கோடி ரூபாய்க்கு மேல் வரி வசூலித்தது.

மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவின்படி, ஒரு மாநில வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவெண் வாங்கவேண்டும். அதற்குப் பழைய ஆர்டிஓவின் என்ஓசி, அதாவது படிவம் 28, தேவை. ஆயுள் வரியில்தான் பலர் சறுக்குகிறார்கள். வண்டியின் வயதுக்கேற்பக் குறைந்தாலும், கணக்கின் அடிப்படை நீங்கள் பேசி முடித்த விலை அல்ல. அது புதிதாக விற்ற விலை. 60 லட்சம் ரூபாய் காரை 18 லட்சத்துக்கு வாங்கியவர், 60-ஐ வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். அதற்கு மனுச் செய்ய வேண்டியவர் யார், வரும் பணம் யாருக்கு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

வண்டியிடம் கேட்க வேண்டியவை

2022 செப்டம்பரில் பெங்களூருவின் யெமலூர், பெல்லந்தூர் பக்கம் சொகுசு கார்கள் வெள்ளத்தில் மிதந்ததையும், 2015, 2023 டிசம்பர்களில் சென்னை மூழ்கியதையும் மறக்கவேண்டாம். கூப்பே தரையோடு தரையாக நிற்பது. முழங்கால் தண்ணீரே சீட்டுக்கு வந்துவிடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். தினமும் வெளியே இருக்கும் பகுதியைத் துவைத்திருப்பார்கள். சுருளின் உள்ளே கிடக்கும் கடைசி அரையடியில் சேற்றுக் கறை அப்படியே இருக்கும். சீட்டின் அடித் தண்டவாளத் துரு, டிக்கித் தரைவிரிப்புக்கு அடியில் படிந்த வண்டல், ஹெட்லைட்டுக்குள் ஈரப்பனி ஆகியவையும் அதே கதையைச் சொல்லும்.

காலையில், என்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வேகத்தடைகளில் அடிபட்டிருக்குமா என்று லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியைப் பாருங்கள். டயர் பக்கவாட்டின் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டும் வாரத்தையும், அடுத்த இரண்டும் வருடத்தையும் குறிக்கும். 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம். ஓடோமீட்டரை நம்பாமல், சர்வீஸ் பதிவு, பழைய இன்சூரன்ஸ் கோரிக்கைகள் ஆகியவற்றின் கிலோமீட்டரோடு ஒப்பிடுங்கள். சைலன்சர், என்ஜின் மென்பொருள் மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். நிறுவனம் வடிவமைத்த அமைப்பை இஷ்டப்படி மாற்றக்கூடாது என்று 2019-ல் உச்சநீதிமன்றம் சொன்னது. மாற்றிய வண்டியின் வழக்கு உரிமையாளர் தலையில்தான் விழும்.

பெயர் மாறும்வரை

பழைய உரிமையாளர் கையெழுத்திட்ட வெற்றுப் பெயர் மாற்றப் படிவங்களான 29, 30-ஐ வைத்துக்கொண்டு புரோக்கர் வண்டியைக் கைமாற்றுவது சகஜம். 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில், வண்டி பல கை மாறியிருந்தும், பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே விற்பவரும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். அதே மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளில், வெளிமாநிலத்துக்கு விற்றால் 45 நாளில் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கவேண்டும். வாங்குபவர் பெயர் மாற்றத்துக்கு 30 நாளில் மனுச் செய்யவேண்டும். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள் உண்டு. மாற்றாவிட்டால் உங்கள் சொந்த வண்டியின் சேதத்துக்குக் கோரிக்கை தடுமாறும். நோ கிளெய்ம் போனஸ் பழையவரோடு போய்விடும்.

விற்பவர் டீலர் என்றால், ஆர்டிஓவின் அங்கீகாரச் சான்றைக் கேளுங்கள்; 2023 ஏப்ரல் 1 முதல் இது விதி.

ஏமாந்துவிட்டால்

டீலரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையம் உண்டு. கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும். டீலர் ஓசூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் தரலாம். முதற்கட்ட உதவிக்கு நுகர்வோர் உதவி எண் 1915. தனி நபரிடம் ஏமாந்தால் மோசடிப் புகார், சிவில் வழக்கு. குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதியச் சட்டம் இடம் தருகிறது. "இது எங்க லிமிட் இல்லை" என்று அனுப்பிவிட முடியாது. ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 19-வது பிரிவில் ஒரு கொக்கி உண்டு. விற்பவர் வாய்மூடி மறைத்த குறையைச் சாதாரணக் கவனத்தோடே கண்டுபிடித்திருக்க முடியும் என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை போய்விடும்.

அதனால் பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். எண் சரிபார்த்த பின் வங்கி வழியாகச் சிறு அட்வான்ஸ். என்ஓசியும் கடன் நீக்கமும் கையில் வந்தபின் பெரும்பகுதி. பெயர் மாற்ற மனு ஏற்கப்பட்ட ரசீதைப் பார்த்தபின் மிச்சம். இதற்குச் சம்மதிக்காதவரிடம் எவ்வளவு அழகான கூப்பே இருந்தாலும் வாங்காதீர்கள்.