கோர் குறைந்தும் வேகம் குறையாதது ஏன்?

2017-இல் என்விடியா வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கிராபிக்ஸ் கார்டில் 3,584 கோர்கள், 11 ஜிபி நினைவகம். அந்த நினைவகத்திலிருந்து விநாடிக்கு 484 ஜிபி தரவு வரும். 2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060-இல் கோர்கள் 3,072, நினைவகம் 8 ஜிபி, தரவு வேகம் 272 ஜிபிதான். ஆனாலும் பல கேம்களில் புதியது பழையதற்குச் சளைக்காமல் ஓடுகிறது. மின்சாரமோ 250 வாட்டுக்குப் பதில் 115 வாட். எப்படி?

டிரான்சிஸ்டர்கள் சிறுத்ததால் குறைந்த மின்சாரத்திலேயே கோர்கள் வேகமாகத் துடிக்கின்றன: 1.58 கிகாஹெர்ட்ஸ் 2.46 ஆனது. அதைவிட அழகான மாற்றம், சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகமான கேஷ். பழைய சிப்புக்குள் 3 எம்பிகூட இல்லாத எல்2 கேஷ், புதியதில் 24 எம்பி. அடிக்கடி வேண்டிய மளிகையை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் கடைக்குப் போகும் நடை மிச்சம். அதுபோல, சிப்பை விட்டு வெளியே போய்த் தரவு எடுக்கும் தேவை குறைகிறது. அதற்கான மின்செலவும் குறைகிறது.

4கே திரையில் கதை மாறும். தரவு கேஷில் அடங்காமல் வழியும்போது குறுகிய நினைவகப் பாதை திணறும். 2023-இல் 8 ஜிபி தந்தது கஞ்சத்தனம் என்றே சொல்வேன்.

ஆனால் ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிடும் தனி அலகுகள் பழைய கார்டில் கிடையாது. 2024-இல் வந்த 'இண்டியானா ஜோன்ஸ்' கேம் அவற்றைக் கட்டாயமாகக் கேட்கிறது.