விளக்கை எடுத்த பிறகு செனெகா போட்ட கணக்கு

ரோமின் பெரும் பணக்காரர். மன்னர் நீரோவுக்கு ஆசிரியராக இருந்து ஆலோசகர் ஆனவர். ‘எளிமையா வாழுங்க’ன்னு எழுதியவரும் இவர்தான். ஊருக்குத்தான் உபதேசமா என்று செனெகாவை அந்தக் காலத்திலேயே கேட்டார்கள். நான் ஞானி இல்லை, தினமும் என் குறைகளில் கொஞ்சம் கழிந்தால் போதும் என்பதுதான் அவர் பதில்.

எப்படிக் கழிப்பது? கோபம் பற்றிய நூலில் சொல்கிறார். இரவு விளக்கை எடுத்ததும், வழக்கம் தெரிந்த மனைவி பேச்சை நிறுத்திவிடுவார். செனெகா அன்றைய நாள் முழுவதையும் மனதில் ஓட்டிப் பார்ப்பார். ஒருவரைத் திருத்தப் போய், ஓவராகப் பேசிப் புண்படுத்திவிட்டோமா? இனிமேல் வேண்டாம், இந்த முறை மன்னிப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். பிறகு நிம்மதியான தூக்கம். நம்ம ஆபீஸ் அப்ரைசலில் இந்த மன்னிப்பெல்லாம் கிடையாது!

ஆனால், கி.பி. 59-ல் நீரோ தன் தாயையே கொல்ல வைத்தார். அதை நியாயப்படுத்தி செனட் சபைக்குப் போன கடிதத்தை எழுதியவர் செனெகா என்ற பழியை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்திருக்கிறார். அன்றிரவு கணக்கில் என்ன வந்ததோ?

65-ல், சதியில் பங்கு என்று குற்றம்சாட்டி, உயிரை மாய்த்துக்கொள்ளும்படி அவருக்கு உத்தரவு அனுப்பினார் அதே நீரோ.