பைக்கில் எக்ஸ்ட்ரா லைட்: ஹெட்லைட் ஒயரில் முறுக்கினால் ஆபத்து!

சென்னை: பால் வண்டிக்காரர்கள், காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிறவர்கள், நைட் ஷிப்ட் முடிந்து வீடு திரும்புபவர்கள் என இருட்டில் பைக் ஓட்டும் பலரும் முன்பக்கம் எக்ஸ்ட்ரா லைட் மாட்டிக்கொள்கிறார்கள். புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனால் ஜோடியாக வாங்கிவிடலாம். மாட்டுகிற விதத்தில்தான் வம்பே இருக்கிறது.

ஹெட்லைட் ஒயரை கீறி, அதிலேயே முறுக்கி டேப் சுற்றிவிடுவது பலரது வழக்கம். லைட் பளிச்சென்று எரியும். ஆனால் கம்பெனி ஒயரும் சுவிட்சும் ஹெட்லைட் இழுக்கும் கரண்டுக்கு மட்டும் கணக்குப் பார்த்து போட்டவை. 12 வோல்ட்டில் 35 வாட் ஹெட்லைட் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். அதன் மேல் 55 வாட் ஹாலோஜன் இரண்டு சேர்த்தால் இன்னும் 9 ஆம்பியர்! சுவிட்ச் பாயின்ட் கருகும், ஒயர் உருகும். அந்த ஒயர் கட்டு போவதோ பெட்ரோல் டேங்குக்கு அடியில்.

இதற்குத்தான் ரிலே. தீப்பெட்டி மாதிரி சின்ன டப்பா. கால்களில் நம்பர் இருக்கும். 30-ல் பேட்டரி பிளஸ், 87-ல் லைட்டுக்கு போகும் ஒயர், 86-ல் சுவிட்ச் ஒயர், 85-ல் எர்த். சுவிட்சில் ஓடுவது ரிலேயை தட்டி எழுப்பும் துளி கரண்ட் மட்டுமே. லைட்டுக்கான கரண்ட் பேட்டரியில் இருந்து நேராக போய்விடும்.

பியூஸ் பேட்டரி பிளசுக்கு பக்கத்திலேயே இருக்க வேண்டும். லைட் பக்கம் போட்டு பிரயோஜனம் இல்லை. நடுவில் ஒயர் உரசி பாடியில் பட்டால் பியூஸ் போகாது, ஒயர்தான் பற்றும். 20 வாட் எல்.இ.டி. இரண்டுக்கு 5 ஆம்பியர் பியூஸ் போதும். 100 சிசி வண்டிக்கு எல்.இ.டி.யோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஹாலோஜன் லோடுக்கு அதன் சார்ஜிங் ஈடு கொடுக்காது.

சுவிட்ச் ஒயரை, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயரில் இருந்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அணைக்க மறந்த அன்று, காலையில் செல்ப் எடுக்காது.

எதிரே வருபவர் கண் கூசாதபடி லைட்டை கீழே சாய்க்க வேண்டும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டப்படி, அனுமதி இல்லாமல் வண்டியில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் போட இடம் உண்டு. போலீஸ் கண்ணில் முதலில் படுவது கூசுகிற லைட்தான்.

வேலை முடிந்ததும் என்ஜினை ஓடவிட்டு, பத்து நிமிடம் லைட்டை எரியவிட்டு ஒயரை தொட்டுப் பாருங்கள். சுட்டால் மெல்லிசு ஒயர், அல்லது இணைப்பு லூஸ். மெக்கானிக்கிடம் காசு கொடுப்பதற்கு முன்பே மாற்றித் தரச் சொல்லுங்கள்.