குழி விழும் முன்பே சாலையைப் படிக்கும் வண்டி

கூரையில் கேமரா, பின்புறம் லேசர் கருவிகள், உள்ளே கணினி. மற்ற வண்டிகளோடு ஓடியபடியே சாலையின் உடல்நிலையைக் குறித்துக்கொள்ளும் இந்த வாகனத்துக்கு நெட்வொர்க் சர்வே வெஹிக்கிள் என்று பெயர். 23 மாநிலங்களில் 20,933 கி.மீ. தேசிய நெடுஞ்சாலையை இவற்றால் அளக்கும் திட்டத்தை நெடுஞ்சாலை ஆணையம் 2025-இல் அறிவித்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவெடுப்பு.

விரிசல், குழி, ஒட்டுப்போட்ட இடம், சக்கரம் ஓடி ஓடி அமுங்கிய தடம் எல்லாம் ஜி.பி.எஸ். குறியோடு பதிவாகும். மேடுபள்ளத்தை உலகெங்கும் பெரும்பாலும் ஒரே அளவுகோலால் சொல்கிறார்கள். 1982-இல் பிரேசிலில் உலக வங்கி நடத்திய சோதனையில் பிறந்த அளவுகோல் அது.

தார்ச்சாலையில் குழி என்பது நோயின் கடைசிக் கட்டம். பாரம் ஏறி இறங்கித் தார் களைக்கிறது, விரிசல் விடுகிறது, மழைநீர் இறங்கி அடிஜல்லியை இளக்குகிறது. அச்சில் ஏறும் பாரம் இரட்டித்தால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்று 1958–60-இல் அமெரிக்காவின் இல்லினாய் சோதனை காட்டியது. அவிநாசி, வாளையாறு வழியே கொச்சிக்குச் சரக்கு லாரிகள் ஓடும் 544-ஆம் எண் சாலைக்கு இது முக்கியமான கணக்கு. நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் கரிசல் மண் அடியில் இருந்தால் சிக்கல் இன்னும் கூடும்.

எந்தச் சாலைக்கு முதலில் பணம் ஒதுக்குவது? முழுக்க உடைந்த சாலையைத்தான் எல்லோரும் காட்டுவோம். அதை எப்போது எடுத்தாலும் தோண்டித்தான் போடவேண்டும். மெல்லிய விரிசல் மட்டும் விட்ட சாலையோ, இந்த ஆண்டே விரிசலை அடைத்து மேலே மெல்லிய தார்ப்பூச்சு போட்டால் பிழைத்துக்கொள்ளும். விட்டால் அதுவும் உடைந்த பட்டியலில் சேரும். அடுத்தடுத்த அளவெடுப்புகளை ஒப்பிட்டால் எது வேகமாகக் கெடுகிறது என்று தெரியும். மேற்பரப்பு காட்டாத அடிவலிமையை, எடையை விழவிட்டுச் சாலை எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்கும் வேறொரு கருவி சொல்லும்.

செய்த வேலைக்கு அல்ல, சாலையின் தரத்துக்கே பணம் என்ற ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைத் தமிழக நெடுஞ்சாலைத் துறை முதலில் சோதித்தது பொள்ளாச்சிக் கோட்டத்தில்தான். இப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்கு நேர்மையான அளவீடே உயிர். அந்த அளவீடு கோப்புக்குள் முடங்காமல், ஊராட்சித் தலைவரும் லாரி ஓட்டுநரும் பார்க்கும்படி வெளிவர வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் எந்த விரிசல் அடைபடவில்லை என்று அப்போது ஊரே கேட்க முடியும்.