பழைய மோரோ ஈட்டி: இணைப்பைப் பார்த்து விலை பேசுங்கள்



மிளகில் பப்பாளி விதை கலந்து வந்தால் கையில் அள்ளியதும் கண்டுபிடித்துவிடுகிறோம். மூட்டையைப் பிரிக்காமலே குத்தூசி போட்டு அரிசியின் தரத்தைச் சொல்லிவிடுகிறோம். ஆனால் பழம்பொருள் வாங்கப் போனால் நம்மவர்களும் ஏமாறுவதுண்டு. அங்கே சரக்கோடு ஒரு கதையையும் சேர்த்து விற்கிறார்கள். உலகெங்கும் சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் மோரோ ஈட்டி இதற்கு நல்ல உதாரணம்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் தெற்கே மின்டனாவோ, சூலு தீவுகளில் வாழும் முஸ்லிம் மக்களுக்கு ஸ்பானியர் வைத்த பெயர்தான் மோரோ. தௌசுக், மகிந்தனாவோ, மரனாவோ, யாக்கன் எனப் பல பிரிவினர். தௌசுக் மக்கள் ஈட்டியைப் புட்ஜாக் என்பார்கள். மகிந்தனாவோ, மரனாவோ மக்களிடம் அது பங்காவ்.

1899-ல் அமெரிக்கப் படை சூலுவில் இறங்கியது. 1906 மார்ச்சில் புட் தாஹோ மலையில் பெண்கள், குழந்தைகள் உட்பட 600-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1911-ல் ஜெனரல் பெர்ஷிங் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவிட்டார். 1913 ஜூனில் புட் பக்சாக் சண்டை. இந்தக் காலத்தில் சிப்பாய்கள் ஊருக்கு எடுத்துப்போன ஆயுதங்கள் ஏராளம். ஆகவே, "எங்கள் தாத்தா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்தது" என்று விற்பவர் சொல்வது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் கதைக்கு ரசீது கிடையாது. பொருளைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் அலகு. இலை வடிவிலும் இருக்கும், கிரிஸ் வாள்போல் நெளிநெளியாகவும் இருக்கும். நெளிந்ததெல்லாம் அசல், நேரானதெல்லாம் போலி என்று நினைப்பது தவறு. இரண்டு பக்கமும் பெரிய முட்கள் வைத்தது என்றால் வடக்கே லூசோன் மலைவாசிகளின் ஈட்டியாக இருக்கலாம். விற்பவர்கள் அதையும் மோரோ என்றே சொல்லிவிடுவார்கள். மின்டனாவோவிலேயே பாகோபோ போன்ற முஸ்லிம் அல்லாத குடிகளுக்கும் தனி ஈட்டி உண்டு.

அடுத்தது, எல்லாவற்றையும்விட முக்கியமானது, அலகும் கம்பும் சேரும் இடம். அலகின் வாலைக் கம்புக்குள் செருகி, மேலே பித்தளை அல்லது வெள்ளிப் பூண் போட்டிருப்பார்கள். பூணில் ஒகிர் என்னும் கொடிவேலை இருந்தால் விலை கூடும். அந்தப் பூண் கம்போடு பழகித் தேய்ந்திருக்கிறதா, நேற்று ஒட்டியதுபோல் பளபளக்கிறதா? இடுக்கில் புதுப்பசை தெரிகிறதா? கம்பில் கை பிடித்த இடம் மட்டும் கருத்து வழவழப்பாக இருக்க வேண்டும். முழுக்க ஒரே நிறம் என்றால் சாயம். துருவும் அப்படித்தான்: காலத்தால் பிடித்த துரு திட்டுத்திட்டாக இருக்கும், அமிலம் தடவி ஏற்றியது ஒரே சீராக இருக்கும். பழைய அலகுக்குப் புதுக்கம்பு போட்டதை விற்பவர் சொல்லிவிட்டால் தப்பில்லை. மறைத்தால் அதுதான் கலப்படம்.

புளி, எலுமிச்சை போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிடாதீர்கள். அழுக்கோடு ஆதாரமும் போய்விடும்.

ஒப்பிட்டுப் பார்க்க, ஸ்மித்சோனியன் நிறுவனம் 1926-ல் வெளியிட்ட கிரீகரின் பிலிப்பைன்ஸ் ஆயுதப் பட்டியல் இன்றும் உதவும். "புட் தாஹோவில் எடுத்தது" என்று பெருமையடித்து விலையை ஏற்றுகிறார்களே, அது மட்டும் நமக்கு ஒப்பவில்லை. செத்தவர் கையிலிருந்து பிடுங்கியதற்குக் கூடுதல் விலையா?

பிலிப்பைன்ஸிலிருந்து நேராக வாங்குவோர் 2009-ம் ஆண்டின் பண்பாட்டு மரபுச் சட்டப்படி ஏற்றுமதி அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுக்கவும்.