ஒஸ்லோ: உயர்நிலைப் பாடசாலையைத் தீர்மானிப்பது முகவரியா, புள்ளிகளா?

நோர்வேயின் தலைநகர் ஒஸ்லோவின் கிழக்குப் புறநகரான ட்வெய்ட்டாவில் பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் மார்ச் முதலாம் திகதிக்குள் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். தமது பகுதியிலுள்ள உயர்நிலைப் பாடசாலையில் சேர்வதா, அல்லது சுரங்க ரயிலில் நகர மையத்திலுள்ள பாடசாலை ஒன்றுக்குச் செல்வதா என்பதே அது.

தனிப்பட்ட விருப்பமாகத் தோன்றினாலும், இந்தத் தெரிவின் பின்னால் பல பத்தாண்டு கால அரசியல் விவாதம் இருக்கிறது. ஒஸ்லோவின் கிழக்கே செறிந்து வாழும் தமிழர்களும் அந்த விவாதத்துக்கு வெளியே இல்லை.

சமத்துவக் கொள்கையின் காலம்

ஆக்கர் என்ற தனி உள்ளூராட்சிப் பகுதியில் இருந்த ட்வெய்ட்டா, 1948இல் ஒஸ்லோவுடன் இணைக்கப்பட்டது. வீட்டுப் பற்றாக்குறையைத் தீர்ப்பதற்காக 1960களில் இங்கு உயர்ந்த அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்தன. 1970இல் சுரங்க ரயிலும் வணிக வளாகமும் வந்து சேர்ந்தன.

அக்காலத்தில் கல்வியிலும் சமத்துவமே நோக்கமாக இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் பாடசாலைகளையும் தொழிற்கல்விப் பாடசாலைகளையும் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒரே அமைப்பின் கீழ்க் கொண்டுவந்தது. 1994ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், மூன்றாண்டு உயர்நிலைக் கல்வியை 16 முதல் 19 வயது வரையிலான இளைஞர்களின் சட்டபூர்வ உரிமையாக்கியது. இக்கல்விக்குக் கட்டணம் இல்லை.

இதே காலகட்டத்தில் ட்வெய்ட்டாவின் மக்கள்தொகையும் மாறியது. பாகிஸ்தான், வியட்நாம், சோமாலியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களுடன் இலங்கைத் தமிழர்களும் ஒஸ்லோவின் கிழக்குப் பகுதிகளில் குடியேறினர். 1983 வன்முறைகளின் பின்னர் வந்த தமிழர்களில் பலர், முதலில் நாட்டின் வடகோடியிலுள்ள மீன் பதனிடும் ஆலைகளில் பணியாற்றிவிட்டு, பின்னர் தலைநகருக்கு இடம்பெயர்ந்தவர்கள்.

1997இன் திருப்பம்

உரிமை அனைவருக்கும் உண்டு. ஆனால் எந்தப் பாடசாலை என்பதே கேள்வி. 1997 வரை அதற்கான விடையை வசிப்பிடமே பெரிதும் தீர்மானித்தது. அந்த ஆண்டில், நகரின் எந்த உயர்நிலைப் பாடசாலைக்கும் விண்ணப்பிக்கும் வாய்ப்பை ஒஸ்லோ வழங்கியது. இடங்களை விட விண்ணப்பங்கள் அதிகமானால் புள்ளிகளே தீர்ப்பளிக்கும். பாடங்களின் சராசரியைப் பத்தால் பெருக்கிக் கணக்கிடப்படும் இந்தப் புள்ளிகளின் உச்சம் 60 ஆகும்.

பொருளியலாளர்களான ஸ்டீபன் மேச்சினும் ஷெல் சல்வானெஸும் இந்த மாற்றத்தை ஆராய்ந்தனர். சிறந்த பாடசாலைகளுக்கு அருகிலிருந்த வீடுகளின் விலையில் காணப்பட்ட கூடுதல், சீர்திருத்தத்தின் பின்னர் குறைந்தது என்பது அவர்களது முடிவு. பணம் கொடுத்து முகவரியை வாங்கும் தேவை தளர்ந்தது என்பதே இதன் பொருள். புதிய முறையை ஆதரிப்போரின் வலுவான வாதமும் இதுதான்: ட்வெய்ட்டாவின் அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கும், 1153ஆம் ஆண்டிலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடும் ஒஸ்லோ கதீட்ரல் பாடசாலையின் கதவு திறக்கிறது.

எதிர்ப்போர் மறுபக்கத்தைச் சுட்டுகின்றனர். புள்ளிகள் பெற்றோரின் கல்வியோடும் வருமானத்தோடும் தொடர்புடையவை. எனவே உயர்ந்த புள்ளி பெற்றவர்கள் கதீட்ரல், எல்வபாக்கன் போன்ற சில பாடசாலைகளில் குவிய, குறைந்த புள்ளி பெற்றவர்கள் வேறு சில பாடசாலைகளில் சேர்கின்றனர். மாணவர் தொகையைப் பொறுத்தே நிதியும் வழங்கப்படுவதால், மாணவர்களை இழக்கும் பாடசாலை பணத்தையும் இழக்கிறது.

இந்த நெருக்கடி 2011 நவம்பரில் வெளிப்படையாகத் தெரிந்தது. நகரின் வடகிழக்கிலுள்ள பியர்க்க உயர்நிலைப் பாடசாலை, நோர்வேஜிய பூர்வீகம் கொண்ட மாணவர்களை வேறு வகுப்புகளில் சேர்த்து, ஒரு வகுப்பைக் குடியேறியோரின் பிள்ளைகளுக்கு மட்டுமானதாக்கியது. அவர்கள் வேறு பாடசாலைகளுக்கு மாறிச் செல்வதைத் தடுப்பதே நோக்கம் என்று கூறப்பட்டது. கடும் கண்டனத்தைத் தொடர்ந்து நகரின் கல்விப் பொறுப்பாளர் டோர்கர் ஓடகோர்ட் தலையிட, அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

தமிழர்களுக்குப் பழகிய கேள்வி

இலங்கைத் தமிழர்களுக்கு இது முற்றிலும் புதிய சிக்கல் அல்ல. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை, கிராமத்துப் பிள்ளையை நகரத்தின் பெரிய பாடசாலைக்கு அனுப்பியது. அதே வேளை கிராமப் பாடசாலை தன் கெட்டிக்கார மாணவர்களை இழந்தது. நோர்வேயில் பிறந்த தமிழ் இளைஞர்கள் உயர்கல்வியில் சேரும் விகிதம் நாட்டின் சராசரியை விட அதிகம். ஆகவே அவர்களில் பலர் புள்ளி முறையால் பயனடைபவர்கள். அவர்கள் நகர மையத்துக்குச் செல்லும்போது, ட்வெய்ட்டா அமைந்துள்ள ஆல்னா மாவட்டத்தின் ஹெல்லெருட் போன்ற உள்ளூர்ப் பாடசாலைகள் அவர்களையும் இழக்கின்றன.

புள்ளி முறையை நாடெங்கும் விரிவாக்க வலதுசாரி அரசு முயன்றது. 2021இல் பதவிக்கு வந்த தொழிற்கட்சித் தலைமையிலான அரசு அதைக் கைவிட்டு, முடிவை மாகாணங்களிடமே விட்டது. ஒஸ்லோ தன் புள்ளி முறையிலிருந்து விலகவில்லை.

இந்த இழுபறியில் பெற்றோர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. ஒரு பாடசாலையில் நுழையத் தேவைப்படும் புள்ளி, அங்கு சேர்பவர்களின் தரத்தையே காட்டுகிறது. அங்கு கற்பிக்கப்படுவதன் தரத்தை அல்ல. மாணவர்களின் முன்னைய அடைவைக் கணக்கிலெடுத்து, பாடசாலையின் பங்களிப்பை மதிப்பிடும் குறியீடுகளும் நோர்வேயில் வெளியிடப்படுகின்றன. விண்ணப்பப் படிவத்தில் முதலிடத்தை நிரப்புமுன் அவற்றையும் பார்ப்பது, உள்ளூர்ப் பாடசாலைக்கு மட்டுமல்ல, பிள்ளைக்கும் நியாயம் செய்வதாகும்.