பதிவு செய்த குரலைப் பத்திரப்படுத்துவது எப்படி?

முதியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று இங்கே பலர் பேசியிருக்கிறார்கள். பதிவு செய்த பிறகு அதை என்ன செய்வது என்பதைப் பற்றி நான் பேசுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை, நர்ஸ். எங்கள் சபைப் பெரியவர்களின் கதைகளைச் சில வருடங்களாகப் பதிவு செய்து வருகிறேன், அவ்வளவுதான்.

நம்மில் பலர் பயன்படுத்துவது ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். அதில் சேமித்தால் கிடைப்பது புராஜெக்ட் கோப்பு. அது அடுப்பில் இருக்கிற குழம்பு மாதிரி. இன்னும் உப்பு, புளி பார்க்கலாம். ஆனால் பரிமாற முடியாது. ஏற்றுமதி செய்து எடுக்கும் வேவ் அல்லது எம்பி3 கோப்புதான் இலையில் வைக்கும் சாப்பாடு.

2021 மார்ச்சில் 3.0 பதிப்பு வரும்வரை ஒரு புராஜெக்ட் இரண்டு பகுதிகளாக இருந்தது: 'ஏயுபி' என்று முடியும் சின்னக் கோப்பு, 'டேட்டா' என்று முடியும் ஃபோல்டர். குரல் இருந்தது ஃபோல்டரில். சின்னக் கோப்பில் எந்தத் துண்டு எங்கே வரும் என்ற குறிப்பு மட்டுமே.

எங்கள் சபையில் ஒரு பாட்டி தன் ஊர்க்கதையைச் சொல்ல, உறவுக்காரப் பையன் ஒருவர் பதிவு செய்தார். பாட்டி இறந்த பிறகு மகன் கேட்டபோது அந்தச் சின்னக் கோப்பை மட்டும் அனுப்பினார். திறந்தால் சத்தமே இல்லை. ஃபோல்டர் இருந்த கம்ப்யூட்டர் அதற்குள் கைமாறிவிட்டது. குரல் போனது போனதுதான்.

இப்போது 'ஏயுபி3' என்று எல்லாம் ஒரே கோப்பில் அடங்கிவிடுகிறது. ஆனால் புராஜெக்ட் திறந்திருக்கும்போது அதைப் பிரதி எடுக்காதீர்கள். கடைசி மாற்றங்கள் பக்கத்தில் ஒரு தற்காலிகக் கோப்பில் இருக்கலாம். மூடிவிட்டுப் பிரதி எடுங்கள், அல்லது மென்பொருளிலேயே உள்ள 'பேக்கப் புராஜெக்ட்' வசதியைப் பயன்படுத்துங்கள்.

பாதுகாக்க வேவ், பகிர எம்பி3. ஒரு மணி நேரப் பேச்சு, சிடி தரத்தில், ஒற்றைத் தடத்தில், வேவ் என்றால் சுமார் 318 எம்பி. 64 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் சுமார் 29 எம்பி. எம்பி3-ஐத் திருத்தி மறுபடி எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும். இடம் போதாவிட்டால் ஃபிளாக் நல்லது. அளவு குறையும், தரம் குறையாது.

பிரதிகளுக்கு 3-2-1 என்று ஒரு வழக்கம் உண்டு. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே. கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடிலோ ஊரில் இருக்கும் தங்கை வீட்டிலோ ஒன்று.

வார்டில் அவசர டிராலியை யாரும் தொடாத நாளிலும் நாங்கள் சரிபார்ப்போம். தேவைப்படும் நேரத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர் காலியாக இருக்கக்கூடாது அல்லவா? அதுபோல ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிரதியையும் திறந்து கொஞ்சம் கேளுங்கள். கோப்பின் பெயரிலேயே தேதி, பேசியவர் பெயர், ஊர் மூன்றையும் எழுதுங்கள். "புதுப்பதிவு 7" என்றிருந்தால் பேரப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது.

கடைசியாக, சம்மதம். நோயாளியிடம் கேட்காமல் ஊசி போடுவதில்லை. குடும்பத்துக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்று பேசுபவரிடமே கேட்டு, அந்தப் பதிலையும் பதிவின் தொடக்கத்தில் சேர்த்துவிடுங்கள். பிறகு கேட்க நினைக்கும்போது அவர் இல்லாமல் போகலாம்.